பராமரிப்பு வேலையில் கைக்காயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னைப் பக்கம் திருவொற்றியூர், மணலி, விச்சூர் சிட்கோ, வியாசர்பாடி தொழிற்பேட்டை என்று 31 வருஷம் மெயின்டனன்ஸ் பிட்டராக, அதாவது மெஷின் பழுது பார்ப்பவனாக இருந்தவன் நான். இடது கை நடுவிரலில் மேல்கணு கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு, ஐடிஐ முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பசங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து போகிறார்கள். அடிபட்டவர்களின் வீட்டுப் பெண்களும் போன் செய்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மெஷின் ஓட்டுகிறவருக்கு இருக்கிற பாதுகாப்பு மெயின்டனன்ஸ்காரருக்கு ஏன் இல்லை?

கார்டு (ஓடும் பாகத்தை மூடும் தடுப்பு), கதவு சென்சார், லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரை), இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ஓடும் பட்டன் எல்லாமே ஓட்டுகிறவரின் கை உள்ளே போகக் கூடாது என்று வைத்தவை. நம் வேலையோ அந்தக் கார்டைக் கழற்றுவதில்தான் தொடங்குகிறது. செயினும் பல்சக்கரமும் சேரும் இடம், பெல்ட் புல்லிக்குள் நுழையும் இடம், ரோலரும் ரோலரும் உரசும் இடம் ஆகியவற்றில்தான் கிரீஸ் வைக்க வேண்டும், அங்கேதான் விரலும் நசுங்கும்.

அதோடு அவசரம். லைன் நின்றுவிட்டால் புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். "இன்னும் எவ்ளோ நேரம்ணா?" ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இதே கேள்வி. நைட் ஷிஃப்ட் என்றால் வெளிச்சமும் குறைவு, ஆளும் குறைவு, எலக்ட்ரீஷியன் வேறு எங்கோ இருப்பார். கையை உள்ளே வைத்திருப்பவர் ஒருவர், பேனல் பக்கத்தில் நிற்பவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவில் மெஷின் மறைத்துக்கொண்டிருக்கும். நான் பார்த்த விபத்துகளில் பாதிக்கு மேல் இந்த மறைப்பில்தான் நடந்தன.

சுவிட்சை ஆஃப் செய்துவிட்டால் போதாதா?

போதாது. என் விரலையே சொல்கிறேன்.

1994 டிசம்பர், திருவொற்றியூர் பக்கம் ஒரு கம்பெனி. கம்ப்ரஸரில் பெல்ட் கத்துகிறது என்று கூப்பிட்டார்கள். நான் போனபோது அது நின்றுகொண்டிருந்தது. கார்டின் நாலு போல்ட்டையும் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பெல்ட் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று விரலால் அழுத்திப் பார்த்தேன். கட்டை விரலை மேலே வைத்து, மற்ற விரல்களால் பெல்ட்டின் அடிப்பக்கத்தைப் பிடித்திருந்தேன். எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அதே நேரத்தில் ஷெட்டின் அந்தக் கோடியில் ஒரு பையன் ஏர் கன் எடுத்து ஜாபில் (வேலை நடக்கும் பொருளில்) இருந்த பிசிறை ஊதிக்கொண்டிருந்தான். டேங்கில் பிரஷர் இறங்கியது. ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் பிரஷர் சுவிட்ச் தானாக மோட்டாரைப் போட்டுவிட்டது. யாரும் எந்தப் பட்டனையும் தொடவில்லை. 'டக்' என்று மோட்டாருக்குக் கரண்ட் விடும் கான்டாக்டர் பிடிக்கும் சத்தம் கேட்டது. அது காதில் விழுந்து மனதில் ஏறுவதற்குள் விரல் புல்லிக்குள் போய் வந்துவிட்டது. வலி உடனே தெரியவில்லை. கையுறை நுனி தட்டையாக இருந்தது, அதைத்தான் முதலில் பார்த்தேன்.

அந்தக் கம்ப்ரஸர் நின்றுகொண்டிருந்ததே தவிர, ஆஃபில் இல்லை. காற்று குறைவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. லெவல் சுவிட்ச் வைத்த பம்ப், டைமர் வைத்த பிளோயர், சென்சாரில் பெட்டி வந்தால் ஓடும் கன்வேயர், பிஎல்சி (மெஷினை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) சொன்னதும் நகரும் மெஷின் கை என்று இன்றைக்கு முக்கால்வாசி மெஷின்கள் இப்படித்தான் காத்திருக்கின்றன. பட்டனில் நிறுத்தியதோடு நின்றுவிட்டால், திரும்ப ஓடுவதா வேண்டாமா என்ற முடிவு உங்கள் கையில் இல்லை.

எமர்ஜென்சி பட்டனை அழுத்திவிட்டு வேலை பார்க்கலாமா?

கூடாது. அந்தச் சிவப்புக் காளான் பட்டன் பெரும்பாலும் கன்ட்ரோல் சர்க்யூட்டை மட்டும்தான் வெட்டும். மெயின் கரண்ட் பேனல் வரை வந்துதான் இருக்கும். பட்டனைத் திருகி விடுவிக்க யாருக்கும் அரை செகண்ட் போதும். கதவு சென்சாரும் அப்படித்தான். கதவு திறந்திருக்கிறது என்ற தைரியத்தில் கையை விடாதீர்கள். சென்சார் வாயில் காந்தத் துண்டையோ பழைய சாவியையோ சொருகி ஏமாற்றி வைத்த மெஷின்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"பூட்டு போட்டு வேலை செய்" என்கிறார்களே, சரியாக எப்படிச் செய்வது?

லாக் அவுட், டேக் அவுட் என்று போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். நான் பசங்களுக்கு இப்படிச் சொல்வேன்.

முதலில் ஓட்டுகிறவரிடமும் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இந்த மெஷின்ல கை வைக்கப் போறேன்." முறைப்படி நிறுத்துங்கள். பிறகு அந்த மெஷினுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறதோ அந்த மெயின் ஐசொலேட்டரை அல்லது எம்சிசிபியை (கரண்டை முழுக்க வெட்டும் பெரிய சுவிட்ச்) நீங்களே நடந்து போய் இறக்குங்கள். பேனலில் எழுதியிருக்கும் பெயரை அப்படியே நம்பிவிட வேண்டாம். மூன்றாம் நம்பர் மெஷினை ஐந்தாம் இடத்துக்கு மாற்றியிருப்பார்கள், பெயர்ப் பட்டை பழையபடியே ஒட்டியிருக்கும். இறக்கிய கைப்பிடியில் உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் வையுங்கள். உங்கள் பெயர், தேதி, நேரம் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். காற்று லைன் வால்வு, ஆயில் வால்வு, ஸ்டீம் வால்வு எது இருந்தாலும் அதற்கும் இதே முறைதான்.

இதற்குப் பிறகு வரும் வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மெஷினுக்குள் அடைந்திருக்கும் சக்தியை வெளியேற்றிவிட்டு, எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஓடவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் இருந்தால் மீட்டர் வைத்து மூன்று பேஸிலும் கரண்ட் இல்லை என்று பார்த்துவிடட்டும்.

மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. நாலைந்து ஓட்டை உள்ள கொக்கி விற்கிறார்கள். அதை மாட்டினால் ஒவ்வொருவரும் தன் பூட்டைப் போடலாம். கடைசி ஆள் தன் பூட்டை எடுக்கும் வரை கைப்பிடி ஏறாது. ஷிஃப்ட் மாறும்போது வருகிறவர் தன் பூட்டைப் போட்ட பிறகே போகிறவர் எடுக்க வேண்டும். டூப்ளிகேட் சாவி சூப்பர்வைசர் டிராயரில் இருந்தால் நீங்கள் பூட்டியதற்கு அர்த்தமே இல்லை.

"ஃபியூஸைப் புடுங்கிப் பாக்கெட்ல வச்சுக்கிட்டேன்ணா" என்பார்கள் பழைய ஆட்கள். நானும் செய்திருக்கிறேன். ஒன்றுமே செய்யாததற்கு அது மேல்தான். ஆனால் ஸ்டோரில் வேறு ஃபியூஸ் இருக்கும், அதை எடுத்துப் போட இன்னொரு ஆளும் இருப்பார்.

கரண்டைப் பூட்டிவிட்டேன். மெஷினுக்குள் இன்னும் என்ன மிச்சம் இருக்கும்?

நிறைய இருக்கும்.

காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 63 மில்லிமீட்டர் சிலிண்டர் சின்னதாகத்தான் தெரியும், உள்ளங்கையில் அடங்கும் அகலம். அதில் 6 கிலோ பிரஷர் இருந்தால் 187 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 100 மில்லிமீட்டர் சிலிண்டர் என்றால் 470 கிலோ. மெயின் வால்வை மூடினாலும் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் அடைந்த காற்று அப்படியே இருக்கும். மாட்டிக்கொண்ட ஜாபை நீங்கள் கம்பியால் நெம்பி விடுவித்ததும் அது சட்டென்று நகரும். பேக்கிங் மெஷினில் சிக்கிய கவரை இழுக்கும்போது விரல் போவது பெரும்பாலும் இப்படித்தான். காற்றைத் திறந்துவிட்டு, 'புஸ்' என்று முழுக்க இறங்குகிறதா என்று காதால் கேளுங்கள்.

பவர் பிரஸ்ஸில் மோட்டாரை நிறுத்திய பிறகும் பிளைவீல் நிமிஷக் கணக்கில் சுற்றும். அந்த நேரத்தில் பெடலில் கால் பட்டால் ராம் (மேலிருந்து அழுத்தும் கனமான பகுதி) இறங்கிவிடும். டைக்கு (அச்சுக்கு) நடுவில் கை வைக்கிற வேலை என்றால் சக்கரம் முழுக்க நின்ற பிறகு, ராமுக்குக் கீழே கட்டையோ ஸ்டீல் பிளாக்கோ முட்டுக் கொடுக்க வேண்டும். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பம்ப் நின்றாலும் ராமின் எடை ஆயிலின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஹோஸைக் கழற்றினால் ராம் கீழே வரும். ஆயிலைப் பிரஷரோடு சேர்த்து வைக்கும் அக்யுமுலேட்டர் இருந்தால் அதிலும் பிரஷர் நிற்கும்.

விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் பெட்டி) போட்ட மோட்டாரில் 415 வோல்ட் லைன் உள்ளே 580 வோல்ட்டுக்கு மேல் டிசியாகிக் கபாசிட்டரில் தங்கும். எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று மூடியிலேயே அச்சடித்திருப்பார்கள். அதைப் படியுங்கள். ஸ்பிரிங், தொங்கும் எடை, சூடான பிளேட், இழுத்துக் கட்டிய செயின் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில வேலைகளை மெஷின் ஓடும்போதுதானே பார்க்க முடியும்?

உண்மைதான். கன்வேயர் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குவதைச் சரிசெய்ய, பேரிங் சத்தம் கேட்க, ரோலர் செட் பண்ண மெஷின் ஓடியாக வேண்டும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவு இதற்கு விட்ட இடமே மிகக் குறுகியது. அதற்கென்றே பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் எழுதப்பட்ட ஆள், உடம்போடு ஒட்டிய உடை அணிந்து செய்ய வேண்டும் என்றது அது. அந்த உடையைக் கொடுக்க வேண்டியது முதலாளி. "நீ போய்ப் பாரு" என்று எந்த ஹெல்பரையும் அனுப்பும் உரிமை யாருக்கும் இல்லை.

ஒரு கணக்கு பாருங்கள். பெல்ட் செகண்டுக்கு 1 மீட்டர் ஓடுகிறது. அது விரலைப் பிடித்ததை உணர்ந்து நீங்கள் இழுக்கத் தொடங்கவே கால் செகண்ட் ஆகும். அதற்குள் பெல்ட் 25 சென்டிமீட்டர் போயிருக்கும். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை 18, 19 சென்டிமீட்டர்தான் இருக்கும். "உஷாரா இருந்தா எடுத்துடலாம்" என்பது நடக்காத காரியம். எனவே அட்ஜஸ்ட் செய்யும் போல்ட்டைக் கார்டுக்கு வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். கிரீஸ் நிப்பிளிலிருந்து ஒரு டியூப் இழுத்து வெளியே வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை. மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி நகர்த்த வேண்டுமானால் இஞ்சிங் பட்டன் உள்ளே கை வைத்திருப்பவரிடமே இருக்க வேண்டும். "தட்டு தட்டு... போதும்" என்று கத்தி இன்னொருவரைத் தட்டச் சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். மோட்டார் சத்தத்தில் "போதும்" அந்தப் பக்கம் "போடு" என்றுதான் கேட்கும்.

கிளவுஸ் போட்டால் போதுமா?

தகடு, பிளேடு, சூடு, கெமிக்கல் வேலைக்குப் போட வேண்டும். சுற்றுகிற எதன் பக்கத்திலும் போடக் கூடாது. டிரில்லிங் மெஷின், லேத், ஷாஃப்ட் போன்றவற்றில் துணி கிளவுஸின் ஒரு நூல் சிக்கினால் போதும், கை முழுக்கப் போகும். லேத்தில் உப்புத்தாளைக் கையில் சுற்றிப் பாலீஷ் போடுவதும், கையில் வேஸ்ட் துணியோடு ஓடும் ஷாஃப்ட்டைத் துடைப்பதும் இதே ஆபத்துதான்.

மோதிரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். மோதிரம் எதிலாவது மாட்டி இழுத்தால் எலும்பை விட்டுவிட்டுத் தோலும் சதையும் உறைபோல உரிந்து வந்துவிடும். மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு, செம்புக் காப்பு, தொங்கும் ஐடி கார்டு கயிறு எல்லாவற்றுக்கும் இதேதான். கயிற்றைக் கழற்றச் சொன்னால் சில தம்பிகளுக்கு மனசு கஷ்டப்படும். கோயிலில் கட்டிய கயிறு உங்கள் கை நன்றாக இருக்கத்தானே? வேலை நேரத்தில் பத்திரமாகப் பர்ஸில் வையுங்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஏன் அடிபடுகிறது?

இதைப் பற்றி யாராவது பேச மாட்டார்களா என்று எனக்கு வருஷா வருஷம் ஏக்கம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், காலையிலிருந்து உற்பத்தியும் நடக்கும், துடைப்பும் நடக்கும். டீசல் நனைத்த பனியன் வேஸ்ட்டோடு ஆபீஸ் பையன், பேக்கிங் பெண்கள், ஒரு நாளும் மெஷின் பக்கம் வராதவர்கள்கூட ஆளுக்கொரு மெஷினைத் துடைப்பார்கள். ரோலர் முழுக்கச் சுத்தமாக வேண்டும் என்று யாராவது இஞ்சிங் கொடுப்பார்கள். இன்னொருவர் வேஸ்ட்டை ரோலர் மேல் அழுத்திப் பிடித்திருப்பார். வேஸ்ட் உள்ளே போகும், அதைப் பிடித்திருந்த கையும் பின்னாலேயே போகும்.

உற்பத்தியை மதியத்தோடு முடியுங்கள். எல்லா மெயினையும் இறக்கிப் பூட்டுங்கள். பிறகு துடையுங்கள், சந்தனம் வையுங்கள், பொட்டு வையுங்கள், மாலை போடுங்கள். ரோலரைத் திருப்ப வேண்டுமானால் கையால் திருப்பலாம். பூஜை முடிந்து மெஷினை முதலில் ஓட்டும்போது கார்டு எல்லாம் திரும்ப மாட்டியிருக்கிறதா என்று சுற்றி வந்து பார்த்துவிட்டு ஓட்டுங்கள். மாலை தொங்கும் இடத்தையும் பாருங்கள்.

ஹைட்ராலிக் ஹோஸில் ஊசி முனை மாதிரி லீக். கையால் தடவித் தேடலாமா?

வேண்டவே வேண்டாம். அந்த ஊசி ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே ஆயில் விரல் நரம்பு வழியாகப் பரவிச் சதையை அழுக வைக்கும். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் விரலையே இழக்க நேரிடும். உடனே மருத்துவமனைக்குப் போய், "பிரஷர் ஆயில் உள்ள பூந்துடுச்சு" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். சின்னப் புள்ளியைப் பார்த்து டியூட்டியில் இருப்பவர் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. கிரீஸ் கன், பெயின்ட் கன் தோலைத் துளைத்தாலும் இதேதான். லீக் தேட ஒரு அட்டைத் துண்டைப் பிடியுங்கள், ஆயில் அதில் பட்டுக் காட்டிக்கொடுக்கும்.

விரல் துண்டாகிவிட்டது. முதல் பத்து நிமிஷத்தில் என்ன செய்ய வேண்டும்?

கை இன்னும் மெஷினில் மாட்டியிருந்தால் முதலில் மெயினை இறக்குங்கள். பதற்றத்தில் ரிவர்ஸ் போடாதீர்கள். பல மெஷின்களில் ரிவர்ஸ் இன்னொரு முறை நசுக்கும். காற்றை இறக்கிவிட்டு, மெஷினைத் தெரிந்த பிட்டர் போல்ட்டைக் கழற்றி ரோலரையோ டையையோ தூக்கட்டும். அடிபட்டவரை ஒருவர் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் மயங்கிச் சாய்ந்தால் உடம்பு எடையே கையைக் கிழித்துவிடும். இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும்.

சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள், கையை நெஞ்சுக்கு மேலே தூக்குங்கள். பெரும்பாலான ரத்தம் இதிலேயே நிற்கும். விரலைச் சுற்றிச் சணல், வயர் எதையும் இறுக்கிக் கட்டாதீர்கள். மஞ்சள் தூள், காபித் தூள், சாம்பல், கிரீஸ் எதுவும் வைக்கக் கூடாது. மற்ற விரல்களில் மோதிரம் இருந்தால் வீக்கம் வருவதற்குள் கழற்றுங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் விரலை வெட்டி எடுக்காதீர்கள், இருக்கிற நிலையிலேயே சேர்த்துச் சுற்றிக் கொண்டுபோங்கள்.

துண்டான விரலைத் தேடுங்கள். கிளவுஸுக்குள் இருக்கும், பிசிறுத் தட்டில் இருக்கும். கிடைத்ததும் சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தண்ணீர் நுழையாதபடி கட்டுங்கள். அந்தக் கவரை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு கவருக்குள் வையுங்கள். பக்கத்து ஜூஸ் கடையில், மீன் கடையில் ஐஸ் கிடைக்கும். விரல் நேராக ஐஸில் படவே கூடாது, உறைந்துபோன விரலை ஒட்ட முடியாது. டெட்டால், ஸ்பிரிட், உப்புத் தண்ணீர் எதிலும் ஊற வைக்காதீர்கள். அடிபட்டவருக்குக் காபி, சோடா, சோறு எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

சிதைந்த துண்டாக இருந்தாலும் எடுத்துப் போங்கள். ஒட்ட முடியாவிட்டாலும் அதன் தோல் வேறு இடத்தை மூட உதவலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

எங்கே கொண்டுபோவது?

நம் பக்கத்தில் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970களில் வளர்த்தெடுத்த பிரிவு அது. கை அறுவை சிகிச்சையில் நாடு முழுக்கப் பெயர் பெற்றது. துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த இந்த ஊரில் அது அமைந்தது நமக்குக் கிடைத்த பெரிய உதவி. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவர்களுக்கு அயனாவரத்தில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. துண்டான விரலோடு முதலில் தெருமுனை கிளினிக்குக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது நேரத்தைத் தின்றுவிடும். குளிர்ச்சியாக வைத்த விரல் பல மணி நேரம் தாங்கும். முன்கையோ மணிக்கட்டுக்கு மேலேயோ போயிருந்தால் சதை அதிகம், சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும்.

ஈ.எஸ்.ஐ.யில் என்ன கிடைக்கும்? *(இதைப் பெரும்பாலும் மனைவிமார்தான் கேட்கிறார்கள்.)*

மாதச் சம்பளம் ரூ.21,000 வரை இருந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளியிடம் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் பிடிக்கிறார்கள். வேலையில் அடிபட்டால் இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. சிகிச்சை இலவசம். வேலைக்குப் போக முடியாத காலத்துக்குத் தினச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும்.

விரல் நிரந்தரமாகப் போயிருந்தால் மெடிக்கல் போர்டு பார்த்து, சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்று முடிவு செய்யும். அதற்கு ஏற்ப மாதா மாதம் பணம் வரும். கட்டை விரல் முழுக்கப் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7 என்று சட்ட அட்டவணையிலேயே இருக்கிறது. எனக்கு நடுவிரலில் ஒரு கணு, 7 சதவீதம்.

இதற்கெல்லாம் அடிப்படை, விபத்து நடந்த உடனே விபத்துப் பதிவேட்டில் எழுதி, கம்பெனி ஈ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்புவது. "சின்னதுதானே, நாங்களே பிரைவேட்ல பாத்துக்கிறோம், எழுத வேணாம்" என்று கனிவாகச் சொல்வார்கள். பில்லைக் கட்டவும் செய்வார்கள். ஆறு மாசம் கழித்து விரல் மடங்காமல் போகும்போது எந்தத் தாளிலும் அந்த விபத்து இருக்காது. எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் நீங்களே ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதை வைத்திருங்கள்.

நான் கான்ட்ராக்ட் ஆள், ஈ.எஸ்.ஐ. பிடிக்கவே இல்லை. எனக்கு ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. ஈ.எஸ்.ஐ.க்குள் வரவேண்டிய ஆளை முதலாளி பதிவு செய்யாமல் விட்டது உங்கள் தவறு ஆகாது. ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருந்தால் 1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் போட்ட கணக்கு இருக்கிறது; 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதே முறைதான். நிரந்தர முழு ஊனத்துக்கு, மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான எண்ணால் பெருக்குவார்கள். விரல் போனால் அதில் மேலே சொன்ன சதவீதம். கணக்குக்கு எடுக்கும் சம்பள உச்சவரம்பு 2020 ஜனவரியிலிருந்து ரூ.15,000. 30 வயதுக்கு எண் 207.98. அப்படியென்றால் 30 வயதுத் தம்பிக்கு ஆள்காட்டி விரல் முழுக்கப் போனால் 9,000-ஐ 207.98-ஆல் பெருக்கி, அதில் 14 சதவீதம்: ரூ.2,62,000 சொச்சம். கான்ட்ராக்டர் கைவிரித்தால் வேலை வாங்கிய கம்பெனியே பொறுப்பு. பத்தாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

"என் கவனக்குறைவால் நடந்தது" என்று எழுதித் தரச் சொல்கிறார்களே?

தராதீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: எத்தனை மணி, எந்த மெஷின், யார் சொல்லி உள்ளே போனீர்கள், கார்டு இருந்ததா, மெயின் பூட்டியிருந்ததா, பூட்டே கொடுத்தார்களா.

எனக்கு இதில் ரொம்பக் கோபம் உண்டு. என் விபத்து அறிக்கையிலும் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்றுதான் எழுதினார்கள். நான் கவனமாகத்தான் இருந்தேன். பெல்ட்டைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்ப்ரஸர் ஐசொலேட்டரில் பூட்டு மாட்ட ஓட்டைகூட இல்லை. கவனக்குறைவு என்று எழுதியதும் விசாரணை முடிந்துபோனது, ஓட்டையும் போடவில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே இடத்தில் இன்னொரு பையனுக்குச் சுண்டு விரல் நசுங்கியது. மெஷின் தற்செயலாக ஓடாதபடி சுவிட்சைப் பூட்டும் ஏற்பாடு வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவிலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழலுக்கான 2020 தொகுப்பு வந்திருக்கிறது. ஆபத்தில்லாத பணியிடம் தரும் கடமை அதிலும் முதலாளிக்குத்தான்.

பூட்டு கேட்டால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்களே?

பயம் நியாயமானதுதான், வாடகையும் பள்ளிக்கூட ஃபீஸும் இருக்கிற வீடு. தனியாகக் கேட்காதீர்கள். நாலு பேராகச் சேர்ந்து, பாதுகாப்புக் கமிட்டி இருந்தால் அதன் வழியாக, யூனியன் இருந்தால் அதன் வழியாகக் கேளுங்கள். 1918-இல் மெட்ராஸ் லேபர் யூனியன் நம் பெரம்பூரில்தான் பிறந்தது. கேட்டும் நடக்காவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் புகார் எழுதலாம். அதுவரைக்கும் சொந்தமாக ஒரு பூட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹார்டுவேர் கடையில் சாதாரணப் பூட்டு போதும். நான் கடைசி 20 வருஷம் என் பூட்டோடுதான் வேலைக்குப் போனேன்.

கூட வேலை செய்யும் பீகார், ஒடிசா தம்பிகளுக்குத் தமிழ் தெரியாது. என்ன செய்வது?

அட்டையில் தமிழோடு அவர்கள் மொழியிலும் எழுதி, ஒரு கை படத்தின் மேல் குறுக்குக் கோடு போடுங்கள். சூப்பர்வைசருக்காகக் காத்திருக்காமல் நீங்களே "ஹாத் மத் லகானா" (கை வைக்காதே) என்று இந்தியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். முக்கியமாக, "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "நீ செஞ்சு காட்டு" என்று சொல்லி, அந்தத் தம்பியின் கையாலேயே மெயினை இறக்க வைத்து, பூட்டுப் போட வைத்து, பட்டன் அழுத்திப் பார்க்க வையுங்கள்.

விரல் போன பிறகு பழையபடி ஸ்பானர் பிடிக்க முடியுமா?

முடியும், நாளாகும். தையல் பிரித்ததோடு சிகிச்சை முடிந்தது என்று பிசியோதெரபிக்குப் போகாமல் விடுவதுதான் பலர் செய்யும் தப்பு. விறைத்துப்போன விரல் பக்கத்து விரல்களையும் மடங்க விடாது. எனக்கு மாவு மாதிரி ஒரு உருண்டையைக் கொடுத்துப் பிசையச் சொன்னார்கள். வீட்டில் மூன்று மாசம் சப்பாத்தி மாவு நான்தான் பிசைந்தேன். வெந்நீரில் கையை வைத்து ஒவ்வொரு கணுவாக மடக்கினேன். வெட்டுப்பட்ட நுனியில் துணி பட்டாலே ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும். அதற்குப் பஞ்சு, பிறகு துண்டு, பிறகு சொரசொரப்பான சாக்கு என்று தினமும் தேய்த்துப் பழக்க வேண்டும். சில பேருக்குத் தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்கும், மெஷின் பக்கம் போனால் கை நடுங்கும். அதை டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஐந்தாவது மாசம் எம்8 நட்டை இடது கையால் முதல் இரண்டு திருகு ஏற்ற முடிந்தது. நட்டைக் கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்து, நடுவிரலின் மிச்சத்தால் மெதுவாகத் தள்ள வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான் ஏற்றுகிறேன்.